பெருசு மாட்டியிருக்கு

சின்ன மீனுக்குச் சின்ன ஓட்டை போதும். நீங்கள் செயின்ட் பாலிலிருந்து வந்திருக்கிறீர்கள், தூண்டிலைத் தொட்டதில்லை என்றும் சொன்னீர்கள், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். காபிக்கு நன்றி. நம்ம ஊர்ப் போலீஸ்காரன் கர்ட்டிஸ் சர்க்கரை போட்டுவிட்டான், போகட்டும். பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலத்தில் இவனை ஏற்றி இறக்கியவள் நான். எனக்குச் சர்க்கரை ஆகாது என்பது இவனுக்குத் தெரியும். இன்றைக்கு இவன் என் முகத்தையே பார்க்க மாட்டேன் என்கிறான், கோப்பைக்குள் என்ன போடுகிறோம் என்று எங்கே பார்க்கப் போகிறான்.

ஹாலிஸ் ஏரி உறைந்த பிறகு நாங்கள் பிடிப்பது வாணலி மீன்களைத்தான். உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாத சாதிகள். முழுசாக வாணலியில் படுத்துக்கொள்ளும், வால் வெளியே நீட்டாது. ஐஸில் ஒரு சாண்கூட இல்லாத ஓட்டையைத் திருகிப் போட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, தலைமுடிபோல் மெல்லிசான தூண்டில் நரம்பில் அரிசி அளவு முள்ளைக் கட்டி, ஒரு புழுவைக் குத்தி இறக்கினால் வேலை முடிந்தது. பொறுமைதான் முக்கியம் என்பார்கள். எங்கள் வீட்டில் பொறுமை எனக்கு, கைராசி என் தங்கை லவோனுக்கு. செத்துப்போனவள் அவள்தான்.

எப்போதாவது பெருசு மாட்டும். பைக் என்ற மீன். நீள வாய், வாய் நிறையப் பல், நல்லதாக ஒன்று வந்தால் என் கால் நீளம் இருக்கும். அது புழுவைத் தேடி வருவதில்லை. நாம் நரம்பைச் சுற்றிச் சின்ன மீனை மேலே கொண்டுவரும்போது கீழேயிருந்து வந்து அந்த மீனைக் கவ்வும். முள் இருப்பது சின்ன மீனின் உதட்டில். பெருசை எதுவும் பிடித்து வைத்திருக்கவில்லை, அதுதான் சின்ன மீனைப் பிடித்து வைத்திருக்கிறது. வாயைத் திறந்தால் போதும், அது பாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் கவ்வியதை விட மனசு வராமல் ஓட்டை வரைக்கும் வந்து, தலை நுழையாமல் முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் லவோன் குனிந்து பார்த்துச் சொல்லுவாள்: "சரியான மக்கு. வாயத் தொறந்தா பொழச்சுக்கும்ல."

ஒற்றை ஆளால் அதை மேலே கொண்டுவர முடியாது. தளர்த்தினால் நழுவும், இழுத்தால் நரம்பு அறும். அதற்காக ஏரியில் ஒரு கூப்பாடு வைத்திருக்கிறோம். "பெருசு" என்று கத்த வேண்டும், அவ்வளவுதான். கேட்டவர் யாராக இருந்தாலும், நம்மோடு முகம் கொடுத்துப் பேசாத ஆளாக இருந்தாலும், தன் தூண்டிலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கடப்பாரையோடு ஓடி வர வேண்டும். வரும்போதே "விட்ராத" என்று குரல் கொடுக்க வேண்டும், அப்போதுதான் ஆள் வருகிறது என்று கூப்பிட்டவருக்குத் தெரியும். வந்ததும் ஓட்டையின் விளிம்பை இடித்து அகலமாக்க வேண்டும். ஓடி வருகிறவர் கீழே பார்ப்பதில்லை. கூப்பிட்டவரின் கையையும் வளைந்து நிற்கும் தூண்டிலையும் பார்த்துக்கொண்டுதான் ஓடி வருவார்.

பொய்யாக யாரும் கூப்பிடுவதில்லை. வெர்ன் ஸ்டாக் என்று ஒருவர் இருந்தார். குடித்துவிட்டு விளையாட்டுக்கு ஒருமுறை கூப்பிட்டார். அத்தனை பேரும் ஓடிப் போய் நின்றோம், அவர் வாளியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். யாரும் திட்டவில்லை. திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். அடுத்த குளிர்காலத்தில் அவர் பக்கத்தில் ஒருவரும் காற்று மறைக்கிற குடில் போடவில்லை. ஏரியில் அவர் மட்டும் தனியாகத் தெரிந்தார்.

"பாவம்க்கா, நான் போய் ரெண்டு வார்த்த பேசிட்டு வரேன்," என்றாள் லவோன்.

"உக்காரு."

உட்கார்ந்தாள். அப்போதெல்லாம் நான் சொன்னால் உட்காருவாள்.

அம்மா இறந்தபோது அவளுக்கு நாலு வயது, எனக்குப் பதினாறு. அப்பா இருந்தார், ஆனால் அவரை ஏரியிலும் மதுக்கடையிலும்தான் பார்க்க முடியும். லவோனுக்குத் தலை பின்னிவிட்டதும், பல் விழுந்தபோது பிடித்துக்கொண்டதும், முதல் வேலைக்குத் தபால் அலுவலக வாசல் வரை கூட்டிக்கொண்டு போனதும் நான். என்னையும் ஒருவர் கல்யாணத்துக்குக் கேட்டார், டலூத்தில் ரயில்வே வேலை. அந்த வாரம் லவோனுக்கு அம்மை போட்டிருந்தது. நான் போகவில்லை, அவரும் மறுபடி கேட்கவில்லை. அதை அவளிடம் சொன்னதே கிடையாது. செய்ததைச் சொல்லிக் காட்டுகிற ஆள் நான் இல்லை.

அவள் கை சின்னக் கை. ஓட்டையில் பெருசின் தலை முட்டி நின்றால், சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஐஸில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, செவுளுக்குள் விரலைக் கோத்து இழுத்துவிடுவாள். கடப்பாரை வந்து சேர்வதற்குள் மீன் வெளியே கிடக்கும். வலது மணிக்கட்டில் வளையல் மாதிரிப் பல்தடம் இருந்தது. எங்கள் பழைய கடப்பாரை ஒருமுறை அவள் கையிலிருந்து நழுவி ஏரிக்குள் போய்விட்டது. புதியது வாங்கியதும் அதன் தலையில் ஒரு கயிற்று வளையம் பின்னிக் கொடுத்தேன், கையுறைக்கு மேலே மாட்டிக்கொள்ள. இறுக்கமாகத்தான் பின்னினேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

டெல்மரைப் பற்றிக் கேட்டீர்கள். அயோவாக்காரர், படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், மனைவி இறந்த பிறகு இந்தப் பக்கம் வந்து லவோனோடு பழக ஆரம்பித்தவர். நல்ல மனிதர். குறை சொல்ல ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்திருக்கிறேன். என் ஐஸ் துளைப்பானின் அலகைக் கேட்காமலே தீட்டிக் கொடுத்தார். ஏரியில் எங்கே உட்காருவது, எப்போது பேசக் கூடாது என்பதெல்லாம் லவோன்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். இந்தக் குளிர்காலம் இரண்டு பேரும் ஒரு நீலத் துணிக் குடில் வாங்கிக்கொண்டார்கள், இரண்டு பேர் உட்காருகிற அளவு. நான் வழக்கம்போல் வாளியில், கொஞ்சம் தள்ளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். லவோன் மேஜையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, டெல்மர் அரிசோனாவுல வீடு பாத்திருக்காரு."

"யாருக்கு?"

"எங்களுக்கு. இந்தக் குளிர் அவரு முட்டிக்கு ஆகலக்கா. மாடிப்படி ஏறவே அழுவுறாரு."

"அங்க ஏரி இருக்கா?"

"நீச்சல் குளம் இருக்காம்."

"அதுல என்ன பிடிப்ப?"

"சளி," என்றாள். அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை மறைக்கத்தான் மீனைத் திருப்பிப் போட்டேன்.

"ஐஸ் உருகினதும் கெளம்பலாம்னு இருக்கோம். நீயும் வந்துரேன்க்கா. தனி ரூம் இருக்கு."

"எதுக்கு, சாமானைத் தூக்கவா?"

"அக்கா."

அன்றைக்கு மட்டும் டலூத்துக்காரரைப் பற்றிச் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியாதேக்கா," என்றாள். பிறகு, "தெரிஞ்சிருந்தா போகச் சொல்லியிருப்பேன்," என்றாள்.

ஆறு வயதுக் குழந்தை, உடம்பெல்லாம் கொப்புளம், போகச் சொல்லியிருப்பாளாம். "மீன் ஆறுது, சாப்பிடு," என்றேன். சாப்பிட்டாள். எழுந்து வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பயணத்தை மாற்றுவதாகச் சொல்லவில்லை.

வாரத்துக்கு ஒரு போன், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை, அதில் ஒரு கள்ளிச்செடிக்குச் சிவப்புத் தொப்பி. எனக்குக் கிடைக்கப் போவது அதுதான். சாயங்காலம் அந்த வீட்டுக்குள் நுழைந்து யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். நெஞ்சு வலித்தது. உண்மையாகவே வலித்தது, டாக்டரிடம் போனேன், இதயம் நன்றாக இருக்கிறது என்றார்.

இனி அந்தச் சனிக்கிழமை. எல்ராய் கின்னுனன் ஈட்டியால் மீன் குத்துகிறவர். அவருடைய இருட்டுக் குடிலுக்குள் கதவகலத்துக்கு ஐஸை அறுத்து எடுத்திருப்பார். இருட்டில் உட்கார்ந்து அந்த ஓட்டை வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே இருப்பார், பெருசு கடக்கும்போது குத்துவார். வெள்ளிக்கிழமை அந்தக் குடிலை வடக்குக் குடாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். குடில் போன பிறகு அந்த ஓட்டையின்மேல் ஒரே ராத்திரியில் ஒரு தோல் பிடிக்கும், அதன்மேல் பனி விழும், சுற்றியிருக்கும் ஐஸுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் குடிலை எடுத்தவர் அந்த இடத்தில் ஒரு பைன் கிளையை நட்டுவிட்டுப் போவார். கிளையைப் பார்த்தால் யாரும் சுற்றிப் போவார்கள். எல்ராய் நட்டிருந்தார், என் உயரத்துக்கு ஒரு நல்ல கிளை. ஊரில் இப்போது அவர் மறந்துவிட்டார் என்கிறார்கள், இடம் மாற்றி நட்டுவிட்டார் என்கிறார்கள். தேவாலயத்தில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. குடிலைக் கோடாலியால் பிளந்து விறகாக்கிவிட்டாராம். அவர்மேல் பழி விழக் கூடாது என்றுதான் நானாக இங்கே வந்தேன். அடுத்தவர் தலையில் பாவத்தைக் கட்டுகிற ஆள் நான் இல்லை.

காலையில் முதலில் போனவள் நான். கிளையைப் பிடுங்கி, கொஞ்சம் மேற்கே தள்ளி, கெட்டியான ஐஸில் நட்டேன். பிடுங்கிப் போட்டிருந்தால் எல்ராயின் பழைய இடம் எது என்று யாருக்காவது ஞாபகம் வந்திருக்கும். நட்டு வைத்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள், கிளையை ஒதுக்கி மறுபக்கமாகப் போவார்கள். நீலக் குடிலிலிருந்து என் வாளிக்கு வருகிறவர் அந்த மறுபக்கத்தில்தான் கால் வைக்க வேண்டும். காற்று அடித்துக்கொண்டிருந்தது. என் தடமெல்லாம் அவர்கள் வருவதற்குள் மூடிவிட்டது.

ஏன் செய்தேன் என்றால், டெல்மர் நனைய வேண்டும் என்று நினைத்தேன். பயந்துபோய் இந்த ஏரியும் வேண்டாம், இந்த ஊர்ப் பெண்ணும் வேண்டாம் என்று தனியாகக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். நீங்கள் எழுதிக்கொள்ளாமல் என்னையே பார்க்கிறீர்கள். சரி, இன்னும் நேராகச் சொல்கிறேன். அந்த இடத்தில் ஆழம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கனத்த காலணியும் இரண்டடுக்குக் கம்பளிச் சட்டையுமாக விழுகிறவர் நனைந்துவிட்டு எழுந்து வருவதில்லை. டெல்மர் போனால் லவோன் அழுவாள், நான் சூப் வைத்துக் கொடுப்பேன், ஏப்ரலில் சரியாகிவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா போனபோதும் அப்படித்தான் சரியானாள்.

மதியம்வரை மீன் பிடித்தார்கள். லவோனின் சிரிப்புக் குடிலுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எல்லாம் எல்ராயோடு வடக்குக் குடாவில். நான் தூண்டிலை இறக்கவே இல்லை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கர்ட்டிஸ் கவனித்துவிட்டான். பிறகு எல்லோரும் லவோன் விழுந்த இடத்துக்கு ஓடும்போது இவன் என் ஓட்டையைப் பார்த்தான். அதன்மேல் கண்ணாடிபோல் ஐஸ் பிடித்திருந்தது. சற்றுமுன் மீன் இழுத்துக்கொண்டிருந்த ஓட்டையில் அப்படிப் பிடிக்காது. "ஆர்டிஸம்மா, பெருசு எங்க போச்சு?" என்று கேட்டான். "நழுவிருச்சு," என்றேன். ஏரிக்காரர்கள் அந்தப் பதிலுக்கு மேல் கேட்பதில்லை. இவனும் கேட்கவில்லை, ஆனால் அதிலிருந்துதான் என் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறான்.

இல்லை, டெல்மரால் ஓட முடியாது. அவர் முட்டியைப் பற்றி நானே சொன்னேன், ஆமாம். கூப்பாடு கேட்டால் ஓடி வரக்கூடியவர் அந்தக் குடிலில் ஒருவர்தான் இருந்தார், ஆமாம்.

டெல்மர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நீங்கள் என்னைவிடப் பொறுமைசாலி. குடில் வாசலில் வந்து நின்று என் பக்கம் பார்த்துக் கத்தினார்: "ஆர்டிஸ், காபி தீந்துபோச்சு. காருக்குப் போய் எடுத்தாரேன். உங்களுக்கும் ஒண்ணு?"

"சர்க்கர வேணாம்," என்றேன்.

"தெரியுங்க," என்றார்.

நொண்டிக்கொண்டே கரைப் பக்கமாக நடந்தார். அந்த வழியில் ஆபத்து ஒன்றுமில்லை. அவர் கரையேறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்க் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். அதற்குப் பிறகுதான் தூண்டிலைத் தரையில் ஊன்றி, வளைத்துப் பிடித்துக்கொண்டு, "பெருசு" என்று கூப்பிட்டேன்.

குடில் துணி படக்கென்று விலகியது. சிவப்புத் தொப்பி, நான் பின்னியது. கடப்பாரையின் வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டே ஓடி வந்தாள். ஐம்பது வயதுப் பெண் மாதிரி ஓடவில்லை. சிரித்துக்கொண்டு, பனியை உதைத்துக்கொண்டு, "விட்ராதக்கா, விட்ராத, வந்துட்டேன்," என்று கத்திக்கொண்டு வந்தாள். எத்தனை நாளாயிற்று அவள் என்னைப் பார்த்து அப்படி ஓடி வந்து. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கிளையைப் பார்த்தாள். நான் நினைத்தபடியே மறுபக்கம் ஒதுங்கினாள். கிளைக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் அவள் சில எட்டு வைக்க வேண்டியிருந்தது. "நில்லு" என்று சொல்ல அவ்வளவு நேரம் தாராளமாகப் போதும். வாயைத் திறந்தால் போதும். நான் திறக்கவில்லை.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. தொப்பி மட்டும் விளிம்பில் கிடந்தது. ஒரு கை வெளியே வந்து ஐஸைப் பிடித்தது, இடது கை. வலது கையில் கடப்பாரை இருந்தது.

டெல்மர் வந்து குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டுத் தேடினார். அவள் பெயரைச் சொல்லிச் சொல்லித் தேடினார். அவர் தோளைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. தீயணைப்புக்காரர்கள் கொக்கி போட்டு மேலே கொண்டுவந்தபோது, கயிறு பழைய பல்தடத்தின்மேலேயே இறுகியிருந்தது. அவிழ்க்க முடியவில்லை, அறுத்தார்கள். அவளை என் மடியில் கிடத்திக்கொண்டேன். தலைமுடியெல்லாம் ஐஸ் பிடித்துக் குச்சி குச்சியாக இருந்தது, விரலால் நீவிச் சரிசெய்தேன். அழுதேன். இப்போதும் அழுகிறேன், நீங்களே பார்க்கிறீர்கள், இதில் நடிப்பு ஒன்றும் இல்லை. இந்த உலகத்தில் எனக்கு வேறு யாரும் கிடையாது.

டெல்மர் கொண்டுவந்த காபி என் வாளி அருகில் இருந்தது. அவளைத் தேடி வருவதற்கு முன்னால் அதைச் சிந்தாமல் கீழே வைத்திருக்கிறார், பாவம். எடுத்துக் குடித்தேன். சர்க்கரை போடவில்லை.

அவர் அரிசோனாவுக்குத் தனியாகப் போகிறார். லவோனை அங்கே கொண்டுபோய்ப் புதைக்கலாமா, கொஞ்சம் சாம்பலாவது தருவீர்களா என்று கேட்டார். முடியாது என்றேன். எங்கள் நிலத்தில், ஏரியைப் பார்த்த மாதிரி இடம் பார்த்திருக்கிறேன், ஐஸ் உருகி மண் இளகட்டும். பக்கத்தில் எனக்கும் இடம் இருக்கிறது. என்னை எங்கே கொண்டுபோய் அடைத்தாலும் கடைசியில் அங்கேதான் கொண்டுவந்து போட வேண்டும், அதை மட்டும் கர்ட்டிஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் அவளைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் பாஷையில் அதற்கு அதுதான் பெயர். ஆனால் அவள் ஓடி வரும்போது என்ன கத்தினாள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாலு வயதிலிருந்து அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னது கிடையாது. விட்ராதக்கா என்றாள். நான் விடவில்லை.